கை நீட்டாத முதலாளி

எனக்கு இடது காது கேட்காது. அதைக் கெடுத்தவன் பெயர் ஆத்தப்பன். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு மனம் வராது. ஆனாலும் எழுதத்தான் போகிறேன். நல்ல முதலாளியைத் தேடி அவனைப் போல அலைந்தவன் திருப்பூரில் வேறு யாரும் இல்லை.

சேவூர்க்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தான். முதல் முதலாளி செருப்பால் அடித்தார். இரண்டாமவர் துணி அளக்கும் மரக்கோல் ஒடியும்வரை முதுகில் இறக்கினார். மூன்றாமவர், நூல் அறுந்ததற்காக அவன் சுண்டுவிரலை மெஷின் சட்டத்தில் வைத்து நசுக்கினார். அந்த விரலில் பிறகு நகம் முளைக்கவே இல்லை. அப்போதெல்லாம் கூலியோடு அடியும் சேர்ந்துதான் வரும். வாங்கியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தீபாவளி வரை இருப்பார்கள். போனஸ் கைக்கு வந்த பிறகுதான் வேறு கம்பெனி பார்ப்பார்கள்.

ஆத்தப்பன் அப்படி இல்லை. அடி விழுந்தால் அந்த இடத்தில் நிற்கமாட்டான். குழாயடியில் கைகால் கழுவுவான். ஆணியில் மாட்டியிருக்கும் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவான். ஒருமுறை தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போதே போய்விட்டான். கிறுக்கன் என்றார்கள். அடுத்த கம்பெனி வாசலில் போய் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பான்.

"ஏனுங்க, மொதலாளி கை நீட்டுவாருங்களா?"

இதைக் கேட்டதற்காகவே ஒருவர் வாசலில் வைத்து அறைந்தார். அவரையும் சேர்த்து, அடித்தவர்கள் ஒன்பது பேர்.

அறுபத்தொன்றில் அருள்புரம் பக்கம் மருதாசலத்தின் சலவைப்பட்டறைக்கு வந்தான். பனியன் துணியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறவைத்து வெளுக்கும் இடம். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டான். மருதாசலம் சிரித்தார்.

"நான் எறும்பக்கூட மிதிக்கமாட்டனுங்க சாமி. உள்ள வாங்க."

தன்னை 'வாங்க' என்று கூப்பிட்ட முதல் முதலாளி. ஆத்தப்பன் அங்கேயே விழுந்துவிட்டான். அவர் சொன்னதும் பொய் இல்லை. மருதாசலம் யார் மேலும் கை வைத்ததில்லை, குரலைக்கூட உயர்த்தியதில்லை. ஒரே வருடத்தில் அவனை மேஸ்திரி ஆக்கினார்.

அறுபத்து நாலில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பட்டறையின் நடைமுறை எனக்கு ஒரு வாரத்தில் புரிந்துபோயிற்று. ஒருவன் தப்புச் செய்தால் மருதாசலம் வந்து பார்ப்பார். முகம் வாடிப்போகும்.

"ஆத்தப்பா, கொஞ்சம் என்னன்னு பாருங்க சாமி."

அவ்வளவுதான். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி ரேடியோவைத் திருகுவார். பாட்டுச் சத்தம் கேட்டதுமே நாங்கள் தொட்டியை விட்டு விலகி நிற்போம். ஆத்தப்பன் துணி துழாவும் கம்பை எடுப்பான். ஒன்பது பேரிடம் வாங்கியதையெல்லாம் அதில் இறக்குவான். ஒருவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. இன்னொருவனைச் சலவைத் தண்ணீரில் முகம் அமுக்கிப் பிடித்ததில் ஒரு வாரம் கண் திறக்க முடியவில்லை. எல்லாம் முடிந்ததும் மருதாசலம் வெளியே வருவார். "அடி பட்டுட்டுதுங்களா கண்ணு?" என்று கேட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, வைத்தியரிடம் அனுப்பிவைப்பார். அவரைப் போல மனுஷன் உண்டா என்று அடிபட்டவனே சொல்லுவான். நானும் சொல்லியிருக்கிறேன், வெட்கங்கெட்டு.

ஒருநாள் நானே அவனிடம் கேட்டேன். "ஏப்பா, அடின்னா அந்த எடத்துலயே நிக்கமாட்டியே நீ. எங்களைப் போட்டு இந்த அடி அடிக்கறயே?"

அவன் கோபப்படவில்லை. "மொதலாளி தங்கமானவரு. அவரு மனசு நோவுற மாதிரி நீங்க நடந்தா நான் என்னங்க பண்ணுறது? இந்த மாதிரி ஒரு ஆளு எனக்கு இனிக் கெடைப்பாருங்களா?"

அந்த முட்டாள் மனதார நம்பினான். கம்பு தன் கையில் இருப்பதால்தான் அவர் கை சுத்தமாக இருக்கிறது என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறவில்லை.

என் முறை ஐப்பசியில் வந்தது. மத்தியானம் கண்ணயர்ந்துவிட்டேன். துணி தொட்டியில் கிடக்க வேண்டியதற்கு மேல் கிடந்து நைந்துபோயிற்று. மருதாசலம் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். ஈரக் காகிதம்போலக் கிழிந்தது. பெருமூச்சு விட்டார். அறைக் கதவைச் சாத்தினார், பாட்டுக் கேட்டது. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதோடு சேர்த்து. அந்தப் பாட்டு பாதியில் நின்றுபோனதாக நினைத்தேன். நிற்கவில்லை. காதுதான் போயிற்று.

காதிலிருந்து ரத்தம் நிற்காததால் ஆஸ்பத்திரியில் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். ஸ்டேஷனில் மருதாசலம் கைகூப்பி நின்றார்.

"இவன் இப்படிக் கை நீட்டுவான்னு எனக்குத் தெரியாதுங்க. எம் பட்டறையில இதுக்கெல்லாம் எடமே இல்லீங்க."

ஆத்தப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வருடம் உள்ளே போனான்.

அவனை மறுபடி எழுபத்தொன்றில் பார்த்தேன். அப்போது நான் நாலு தையல் மெஷின் போட்டுச் சொந்தமாகப் பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நரைத்த தலையோடு தூக்குப்போசியும் கையுமாக ஒருவன் நின்றான்.

"மடிக்கற வேலை இருந்தாக் குடுங்க. ஏனுங்க, மொதலாளி கை நீட்டுவாருங்களா?"

அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இல்லீங்க, உள்ள வாங்க" என்றேன்.

வந்தான். தூக்குப்போசியை ஆணியில் மாட்டினான். நான் இடது காதை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன். "இந்தக் காது ஞாபகம் இருக்குதா?"

உற்றுப் பார்த்தான். உண்மையாகவே யோசித்தான்.

"நெறையப் பேருங்க" என்றான்.

என் கை எப்படி எழுந்தது என்று தெரியாது. முதல் அறையில் அவன் உதடு கிழிந்தது. இரண்டாவது அறையில் மடித்து வைத்திருந்த பனியன்கள்மேல் போய் விழுந்தான். எட்டி வயிற்றில் ஓர் உதையும் விட்டேன். இனித்தது. ஏழு வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன், மறைப்பானேன்?

அவன் எழுந்தான். "இல்லீன்னு சொன்னீங்களேங்க" என்றான். அதில் கோபமே இல்லை. குழாயடியில் கைகால் கழுவினான், வாயையும் கொப்பளித்தான். தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போனான். அவன் கணக்கில் நான் பத்தாவது.

திரும்பினேன். நாலு மெஷினும் நின்றிருந்தன. பூவாத்தாள் என்னிடம் மூன்று வருடமாகத் தைப்பவள், வேறு கம்பெனியில் அடி பொறுக்காமல் வந்தவள். சேரும்போது அவளும் அதே கேள்வியைக் கேட்டிருந்தாள்.

"அவன் என் காதக் கெடுத்தவன், பூவாத்தா" என்றேன்.

"செரிங்க" என்றாள். எழுந்து போய்க் குழாயைத் திறந்து கைகால் கழுவினாள். அவளுடைய தூக்குப்போசி இரண்டாவது ஆணியில் தொங்கியது.