இயந்திரங்களுக்கு அருகே தகுதியற்றவர்

“இரு செவிகளும் முற்றிலும் கேளாதவர். இயந்திரங்களுக்கு அருகே பணியாற்றத் தகுதியற்றவர்.”

இந்தச் சான்றிதழின் தயவில்தான் பூதலிங்கத்துக்கு அரசு அலுவலகத்தில் பியூன் வேலை கிடைத்தது. அதே பூதலிங்கத்தின் வீட்டு வாசலில்தான் அம்பாசமுத்திரம் வட்டாரத்துப் பழைய அம்பாசிடர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் டைமிங் வைக்க, அதாவது இன்ஜினில் பொறி விழும் நேரத்தைச் சரிசெய்ய, வந்து நின்றன. மற்ற மெக்கானிக்குகள் இன்ஜின் தட்டுவதைக் காதால் கேட்பார்கள். இவர் டாஷ்போர்டில் உள்ளங்கையை ஊன்றியபடி ஓர் ஏற்றம் போய் வருவார்.

1994இல் யாரோ ஒரு மொட்டைக் கடிதாசி போட்டார்கள். காது கேட்காதவன் டைமிங் வைக்க முடியாது, ஆகவே இவர் செவிடர் அல்லர் என்று. படிக்க நியாயமாகத்தான் இருந்தது. மறுபரிசோதனைக்கு உத்தரவு வந்தது. காது கேட்கிறது என்று எழுதிவிட்டால் வேலை போயிற்று.

டாக்டர் குமரகுருபரன் மணியடித்துப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டுப் பார்த்தார். சந்தேகம் தீரவில்லை. அவரிடம் 1962ஆம் வருஷத்து அம்பாசிடர் ஒன்று இருந்தது. காலையில் கிளம்ப அடம்பிடிக்கும், ஏற்றத்தில் தட்டும். மூன்று மெக்கானிக்குகள் பார்த்துக் கைவிட்ட கார். மீதிப் பரிசோதனையைக் காரையாறு மலை ஏற்றத்தில் வைத்துக்கொள்வதென்று மருத்துவரீதியாக முடிவெடுத்தார்.

பூதலிங்கத்துடன் வந்த அவர் மனைவி கோமு, புறப்படும்முன் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் புருஷனிடம் சொன்னாள்: “கைய மடியிலயே வச்சுக்கிடுங்க. தட்டினா டாக்டர் காருல்லா தட்டுது, நமக்கென்ன?”

பாபநாசம் தாண்டி இரண்டாவது வளைவில் இன்ஜின் தட்டியது. முன்சீட்டிலிருந்த பூதலிங்கத்தின் கை தானாக டாஷ்போர்டுக்குப் போயிற்று.

“இங்கன நிறுத்துங்க சார்.”

பின்சீட்டில் கோமு தலையில் கைவைத்துக்கொண்டாள்.

பூதலிங்கம் இறங்கி, பொறியைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்து, தகட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டினார். “இது பேனா ஸ்பிரிங்கு. வேகம் கூடக்கூட பொறி பைய முன்னால வரணும். இது இழுத்துப் பிடிக்காது, பொறி ஓடில்லா வருது. அதான் தட்டு. தட்டுதேன்னு எல்லாரும் டைமிங்கப் பின்னால தள்ளிட்டாவ, காலைல கிளம்ப மாட்டேங்கு.”

சட்டைப் பையிலிருந்த பொடி டப்பியில் சரியான ஸ்பிரிங் இருந்தது. காதுப் பரிசோதனைக்கு வந்தவர் அதையும் கொண்டுவந்திருந்தார்.

அவர் குனிந்திருந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே போய் ஹாரனை அழுத்தினார். குரங்குகள் சிதறின. பூதலிங்கம் நிமிரவில்லை. “ஹாரன் அடிக்காதீங்க சார், திருகாணி நழுவுது.”

“மாட்டிக்கிட்டீரு வே,” என்றார் டாக்டர்.

கோமு இறங்கி வந்தாள். “சார், நீங்க மட்கார்டுல கைய வையுங்க. நான் ஹாரன அமுக்குதேன்.”

வைத்தார். உள்ளங்கை முழுக்க எறும்பு ஊர்ந்தது போலிருந்தது. அப்போதும் கேட்டார்: “ஒண்ணுமே கேக்காமயா ஸ்பிரிங்கு வரைக்கும் போனாரு?”

“காது கேக்குத மூணு பேருல்லா சார் அந்தப் பேனா ஸ்பிரிங்க உள்ள விட்டுட்டுப் போனாவ,” என்றாள் கோமு.

டாக்டர் அறிக்கை எழுதினார்: ‘இரு செவிகளும் முற்றிலும் கேளாதவர். இயந்திரங்களுக்கு அருகே பணியாற்றத் தகுதியற்றவர்.’ இரண்டாவது வரியை எடுத்தால் முதல் வரியைச் சந்தேகிப்பார்கள். வேலை நிலைத்தது.

அன்று பூதலிங்கம் ஒரு ஸ்பிரிங்கை மாற்றினார். ஹேண்டில் போட்டு இன்ஜினைச் சுற்றி, பொறி விழும் இடத்தைச் சின்ன பல்பில் பார்த்து, மற்றவர்கள் பின்னுக்குத் தள்ளியிருந்த டைமிங்கை ஐந்து டிகிரி முன்னுக்கு வைத்து இறுக்கினார். மீதி ஏற்றத்தில் கார் தட்டவில்லை.