டாலிகஞ்ச் கல்லறைக் காவலர்

டாலிகஞ்சில் என் வீட்டுக்குப் பக்கத்தில், மெட்ரோ நிலையத்துக்குப் போகும் வழியில், ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரனுக்குப் பணியாமல் போரிட்டு மடிந்த மைசூர் சுல்தானின் வாரிசுகள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். காவலருக்கு எழுபது வயதிருக்கும், ஒரு கண்ணில் புரை. கல்லறைமேல் துடைப்பம் படக்கூடாதென்று உதிர்ந்த இலைகளைக் கையாலேயே பொறுக்குவார்.

என் ஊர் வேலூர் என்றதும் நிமிர்ந்தார்.

"இங்கே அனுப்புவதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில்தானே அடைத்து வைத்திருந்தார்கள்? அங்கே இறந்தவர்களின் சமாதிகள் இப்போது எப்படி இருக்கின்றன?" என்று இந்தியில் கேட்டார்.

"நன்றாகவே வைத்திருக்கிறார்கள், சாச்சா" என்றேன். இருபத்துமூன்று வருஷம் அந்த ஊரில் வளர்ந்தவன், ஒரு நாள்கூட அந்தச் சமாதிகளைப் போய்ப் பார்த்ததில்லை.

"அந்த மண்ணைத் தொட்ட கை" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இப்போதெல்லாம் மெட்ரோவுக்குச் சுற்றுவழியில்தான் போகிறேன்.