பின்னிணைப்பில் போட்ட குறை

செனாய் தொழிற்பேட்டையில், தகடு வெட்டும் இயந்திரங்களின் மென்பொருளுக்கு, புதிய பதிப்போடு வாடிக்கையாளருக்குப் போகும் வெளியீட்டுக் குறிப்பு எழுதியவன் நான். நிறுத்தும் பொத்தானை அவசரத்தில் இருமுறை அழுத்தினால் இயந்திரம் மறுபடி ஓடும். அந்தக் குறை எங்களுக்குத் தெரியும்.

"முதல் பக்கத்துல போடுங்க சார்" என்றார் சோதனைப் பிரிவு மேரி.

விதிப்படி குறைகளுக்கு இடம் பின்னிணைப்பு. விதிகள் எனக்கு மனப்பாடம். அங்கேயே போட்டேன்.

வாங்கிய ஆலையில் இயந்திரம் ஓட்டிய குமார் பொத்தானை இருமுறை அழுத்திவிட்டார்; மூன்று விரல்கள் போயின. எச்சரித்திருந்தோம் என்று அவரிடம் காட்ட, குறிப்போடு மருத்துவமனைக்குப் போனேன்.

"எங்க சார் எழுதியிருக்கு? காட்டுங்க லா."

புரட்டினேன். எழுதிய எனக்கே கிடைக்கவில்லை.

"மெதுவா தேடுங்க சார். நான் எங்க போகப் போறேன்?"

ஓய்வுபெற்ற அன்று, ஒரு விதியையும் மீறாதவர் என்று என்னைப் பாராட்டினார்கள். உண்மைதான். ஒன்றையாவது மீறியிருக்கலாம்.