பன்னிரண்டா, பதினெட்டா?

“இதுல தெளிவா இருக்கா?” கண்ணாடிக் கடைக்காரர் ஒரு வில்லையை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகுகிறார். “இல்ல, இதுலயா?”

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் தயங்கினால் போதும், கண்ணாடிக்காரருக்குப் பொறுக்காது. “யோசிக்காதீங்க. யோசிச்சா கண்ணு குழம்பிடும். முதல்ல என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க” என்பார். ஒரு நாளைக்கு இருபது பேருக்காவது இதைச் சொல்கிறார். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்கிறார். இவர் பவர் எழுதிக் கொடுத்து, தலை வலிக்கிறது என்று திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதே மனிதர் மதியம் கடையைச் சாத்திவிட்டு எதிர்ச் சாரியில் இருக்கும் ஹார்டுவேர் கடைக்குப் போவார். ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் டிரில்லிங் மெஷின் இரண்டை எடுத்துக் காட்டச் சொல்வார். ஒன்று பன்னிரண்டு வோல்ட், மற்றது பதினெட்டு. அதைத் தூக்கிப் பார்ப்பார், இதைத் தூக்கிப் பார்ப்பார்.

“சின்னது கைக்கு அடக்கமா இருக்கு. ஆனா சுவத்துல இறங்குமா?”

“அப்ப பெரிசை எடுத்துக்குங்க சார். சும்மா வெண்ணெய்ல கத்தி மாதிரி இறங்கும்.”

“இறங்கும். ஆனா எப்பவாவது நாலு ஓட்டை போடறதுக்கு இவ்வளவு கனமா?”

“அப்ப சின்னது.”

“எடுத்துக்கலாம். ஆனா...”

இந்த ‘ஆனா’வுக்கு வயது நான்கு மாதம். ஹார்டுவேர்காரர் இவருக்குப் ‘பன்னெண்டா பதினெட்டா’ என்றே பெயர் வைத்துவிட்டார். இவர் ரோட்டைக் கடப்பது தெரிந்தாலே, கேட்காமல் இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

கண்ணாடிக்காரர் சும்மா ஊசலாடவில்லை, முறையாக ஊசலாடினார். பவர் எழுதும் சீட்டு ஒன்றை எடுத்து, வலது கண் என்ற கட்டத்தில் பன்னிரண்டின் குணங்களையும் இடது கண் என்ற கட்டத்தில் பதினெட்டின் குணங்களையும் எழுதிவைத்திருந்தார். ஒரு சீட்டு போதாமல் பதினொரு சீட்டு ஆயிற்று. கனம், வேகம், முனையில் எத்தனை மில்லிமீட்டர் பிட் பொருந்தும், சுத்தியல்போல் குத்திக்கொண்டே துளைக்குமா, ஒரு சார்ஜில் எத்தனை ஓட்டை. கடைசியில் கூட்டிப் பார்த்தால் இரண்டு கண்ணும் சமமாக இருந்தன.

இதற்கிடையில் வீட்டில் ஆணி கேட்ட பொருள்களெல்லாம் வரிசையில் நின்றன. சுவர்க் கடிகாரம் ஃபிரிட்ஜின் தலையில் சாய்ந்துகொண்டு மணி காட்டியது. திரைச்சீலைக் கம்பி ஒரு பக்கம் கயிற்றில் தொங்கியது. அதெல்லாம் போகட்டும். குளியலறைக்கென்று வாங்கிய எஃகுக் கைப்பிடியும் உறை பிரிக்காமல் கட்டிலடியில் கிடந்தது. அதுதான் விஷயம்.

இவருடைய மனைவி கணக்கு டீச்சர். முழங்காலில் ஆபரேஷன் ஆகி லீவில் இருக்கிறார். வழுவழு தரை, ஒரு படி இறக்கம், பிடிக்க ஒன்றுமில்லை. அதனால் தினமும் காலை ஆறே முக்காலுக்குக் கண்ணாடிக்காரர் குளியலறை வாசலில் துண்டோடு நிற்பார். டீச்சர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறுவார். டீச்சர் பிடிக்க வசதியாக வலது தோளைத் தாழ்த்தித் தாழ்த்தி, இப்போது இவர் ரோட்டில் நடந்தால்கூட ஒரு பக்கம் சரிந்த தராசுபோல இருக்கிறார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் டீச்சர் இவர் தோளைப் பிடித்து நடந்தது இந்த நான்கு மாதத்தில்தான். அதில் கண்ணாடிக்காரருக்கு ரகசியமாகக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

“ஒரு ஆளைக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷ வேலைங்க” என்பார் டீச்சர்.

“நாலு ஓட்டைக்கு ஒரு ஆளா? நாளைக்குக் கடிகாரம் மாட்டணும்னா மறுபடியும் அவனைத் தேடிக்கிட்டு அலையணும். சொந்தமா ஒண்ணு இருந்தா...”

“இருந்தா!”

போன செவ்வாய்க்கிழமை இவர் கடைக்குப் போன பிறகு டீச்சர் தனியாகக் குளியலறைக்குள் போனார். கால் வழுக்கியது. கைக்கு அகப்பட்ட சோப்புப் பெட்டியைப் பிடித்தார், அது சுவரிலிருந்து பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, வாளிமேல் உட்கார்ந்ததோடு போயிற்று. சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் கண்ணாடிக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. “வேற எங்கயும் அடிபடலையே? நிஜமா?” என்று பத்துத் தரம் கேட்டார். பிறகு பெயர்ந்த இடத்தை விரலால் தட்டிப் பார்த்தார். “செங்கல்தான். அப்ப பன்னெண்டே போதுமோ?”

டீச்சருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்த கதைதான் உங்க கதை. நாளைக்கு நானும் வரேன்.”

மறுநாள் தோளைப் பிடித்தபடியே ஹார்டுவேர் கடைக்கு வந்தார். மேஜைமேல் வழக்கம்போல இரண்டும் தயாராக இருந்தன.

“கண்ணாடியைக் கழட்டுங்க” என்றார் டீச்சர். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். “கண்ணை மூடுங்க. கையை நீட்டுங்க.”

நீட்டினார். ஒன்றை வைத்தார். “இதுவா?” எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். “இல்ல, இதுவா?”

“இரு, முதல்ல வச்சதை இன்னொரு தடவை...”

“யோசிக்காதீங்க. யோசிச்சா குழம்பிடும். என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க.”

“ரெண்டாவது” என்றது கண்ணாடிக்காரரின் வாய். சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டார்.

ஹார்டுவேர்காரர் காத்திருக்கவில்லை. இவர் கண்ணாடியை மாட்டி இன்னொரு ‘ஆனா’ சொல்வதற்குள், பதினெட்டைப் பெட்டியோடு பையில் போட்டு, பிட் செட்டையும் உள்ளே திணித்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவைத்தார்.

வீட்டில் பெட்டியைத் திறந்தால், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மெஷின் இருந்தது. பேட்டரி இல்லை. சார்ஜரும் இல்லை. கண்ணாடிக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையில், இவர் கடையில் கிட்டத்தில் வைத்துப் படிக்கக் கொடுக்கும் அட்டையின் கடைசி வரியைவிடப் பொடியாக எழுதியிருந்தது: பேட்டரி, சார்ஜர் தனி.

பதினொரு சீட்டிலும் இது இல்லை.

டீச்சர் சிரித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து இவர் பார்க்கவில்லை. அதனால் திட்டு வாங்கியதுபோல முகத்தை வைத்துக்கொள்ள முயன்றும் முடியாமல், பேட்டரி வாங்கத் திரும்ப ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கும் சின்ன அளவுகோலால்தான் துளைக்கு இடம் குறித்தார், அரை மில்லிமீட்டர் பிசகாமல். பிட் வழுக்காமலிருக்க டைல்ஸ்மேல் டேப் ஒட்டினார். டைல்ஸ் தாண்டும்வரை மெதுவாக, செங்கல் வந்ததும் குத்துவிசையோடு. நான்கு துளை, ஏழு நிமிஷம். கைப்பிடியை முடுக்கிவிட்டு, தன் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். இம்மி அசையவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால். கதவு திறந்தது. டீச்சர் கைப்பிடியைப் பிடித்து நின்றார். வாசலில் கண்ணாடிக்காரர், கையில் துண்டு, வலது தோள் தாழ்ந்து.

“அதான் பிடி போட்டாச்சே. இன்னும் இங்க என்ன பண்றீங்க?”

“கெட்டியா நிக்குதான்னு பாக்க வந்தேன்.”

டீச்சர் யோசிக்கவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு, அந்தத் தோளில் கையை வைத்துப் படியேறினார்.