எங்கள் குடியில் இல்லாத நாடி

பெரியம்மாவின் மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய சாமான்களில் கம்பளிப் போர்வையால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. மட்டக்களப்பு வெயிலில் அதை எடுத்துப் போர்த்துகிற பைத்தியம் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. இரத்த அழுத்தம் பார்க்கிற பிறசர் மெசின்தான் என் தலையில் மண்ணைப் போட்டது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மாகாணப் போட்டியில் பெண்பிள்ளைகளுக்கான ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடத் தெரிவாகியிருந்தேன். போட்டிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

பெரியம்மா, அம்மாவின் அக்கா. இருந்தது பக்கத்து வளவில், ஆண்டது எங்கள் வீட்டையும் சேர்த்து. மெசின் வந்த அன்று அயலெல்லாம் அவர் வாசலில் வரிசையாக நின்றது. கையில் பட்டியைச் சுற்றிப் பொத்தானை அழுத்திவிட்டு, விழுகிற இலக்கங்களைப் பெரியம்மா உரத்து வாசிப்பார். கடைசி இலக்கம் நாடித்துடிப்பு என்று மட்டும் கட்டார் அண்ணன் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்திருந்தான். எல்லாருக்கும் எழுபது, எண்பது என்று வந்தது. அப்பா மட்டும், கடைக்கு நேரமாகிறது என்று நழுவிவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன். எனக்கு விழுந்தது நாற்பத்திநான்கு.

“என்னகா இது, புள்ளைக்குப் பாதி உசிர்தானே ஓடுது!” என்று பெரியம்மா அம்மாவைப் பார்த்துக் கத்தினார். “எங்கட குடியில ஒருத்தருக்கும் இப்பிடி இல்ல.”

எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலம் தாய்வழியாக வருவது. கோயில் உரிமை முதல் மூக்கின் நேர்த்தி வரை நல்லதெல்லாம் அந்த வழியாகவே வரும் என்பது பெரியம்மாவின் கட்சி. குடியில் இல்லாத நோய் வருத்தம் எனக்கு வந்ததென்றால் ஓட்டத்தால் வந்திருக்க வேண்டும். எழுபது காட்டும்வரை வாசலைத் தாண்டக் கூடாது என்று தீர்ப்பாயிற்று.

பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர், எங்கள் சேர், மோட்டார்சைக்கிளில் வந்து பொறுமையாக விளக்கினார். நாள்தோறும் ஓடுகிறவர்களின் இதயம் பலத்துக் கொஞ்சம் பெருக்கும், ஒரு துடிப்பிலேயே கூடுதலான இரத்தத்தைத் தள்ளும், அதனால் சும்மா இருக்கும்போது குறைவாகத் துடித்தால் போதும் என்றார். எல்லாம் சரி, அந்தப் ‘பெருக்கும்’ என்ற சொல்லை அவர் விழுங்கியிருக்கலாம். பெரியம்மாவின் காதில் அது ஒன்றுதான் ஏறியது. “நெஞ்சு வீங்கினது தெரிஞ்சும் ஓட விட்டிரிக்காங்க” என்று அவர் போன பிறகு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு என் கையில் ஓதின நூல், வயிற்றில் கோழிச் சாறு, காலையில் பெரியம்மா, மெசின். நாற்பத்தாறு. நாற்பத்திமூன்று. நாற்பத்தைந்து. பொறுக்க முடியாமல் ஒரு நாள் குசினிக்குப் பின்னால் நின்று அறுபது தரம் துள்ளிவிட்டு ஓடிவந்து கையை நீட்டினேன். தொண்ணூற்றொன்று விழுந்தது. பெரியம்மா ஒரு நிமிடம் சந்தோசப்பட்டார், பிறகு என் மூச்சிரைப்பைக் கவனித்தார். அன்றிலிருந்து அரை மணித்தியாலம் பாயில் படுக்கவைத்துத்தான் அளவு பார்த்தார். சுகமாகப் படுத்திருந்தால் குறையத்தானே செய்யும்? யாரிடம் போய் முட்டிக்கொள்வது? இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா இதிலெல்லாம் தலையிடவில்லை. கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்து சேர்ந்த மாப்பிள்ளை, வாய் காட்டும் பழக்கம் இல்லாதவர். கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுத்துக்கொண்டு நாள் முழுக்க இருந்த இடத்திலேயே இருப்பார். அவருடன் தெருவில் போவது இன்னொரு தண்டனை. நாலு வேலி கடந்ததும் நின்றுவிடுவார். அந்த வீட்டு மாடு கன்று போட்டதா, இந்த வீட்டு வயல் வட்டையில் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துத்தான் அடுத்த அடி வைப்பார். எனக்குக் காலெல்லாம் துறுதுறுக்கும்.

போட்டிக்கு முதல் நாள் பின்னேரம், பெரியம்மா மெசினும் கையுமாக வந்தபோது, அப்பா பட்டியை வாங்கித் தன் கையில் சுற்றிக்கொண்டார். பன்னிரண்டு நாளாக அதன் பக்கமே வராத மனிதர். இலக்கம் விழுந்தது.

“எனக்கும் நாப்பத்திரண்டுதான் மச்சாள். நான் திண்டு குடிச்சு நல்லாத்தானே இரிக்கன். புள்ளைய விடுங்க.”

பெரியம்மாவின் முகம் அப்படியே தெளிந்தது. “அப்ப இது அவர்ர பக்கத்தால வந்த குணம். எங்கட குடிக்கு ஒண்டுமில்ல!” என்றார். அம்மா சிரித்தார், நானும் சிரித்தேன். அப்பாவின் பக்கத்துக் குறை என்றால் எங்கள் வீட்டில் அதற்கு வைத்தியம் தேவையில்லை. நூலை அவிழ்த்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அப்பா என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். ஏழு மணிப் பாதையில் அக்கரைக்குப் போனால்தான் மைதானத்துக்கு பஸ். அன்றும் அவர் நின்று நின்று வந்தார். துறையில் கயிறு அவிழ்க்கிறார்கள், இவர் ஒரு வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விசாரிக்க அந்த வளவில் ஆளுமில்லை, மாடுமில்லை.

“அப்பா, கெதியா வாங்க!”

“நீ ஓடு புள்ள. நான் அடுத்த பாதையில வாறன்.”

பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மூன்றாம் இடம் வந்தேன். அப்பா மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது பதக்கமும் கொடுத்து முடிந்திருந்தது. ஒரு நாளைக்காவது கெதியாக நடந்தால் என்ன என்று எல்லார் முன்னாலும் சீறினேன். இரண்டு நாள் அவருடன் பேசவில்லை.

அடுத்த தை மாதம், சங்கக்கடையில் அரிசி அள்ளிக்கொண்டிருந்தபோது அப்பா சரிந்து விழுந்தார். பிறகு எழும்பவேயில்லை. முந்தி எப்போதாவது நாடி பார்த்தீர்களா என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார். ஓம், நாற்பத்திரண்டு, அது அவர் பக்கத்துக் குணம் என்று பெரியம்மா அழுதுகொண்டே சொன்னார். டொக்டர் அந்த இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டார்.

பெரியம்மாவை நான் நெடுநாள் திட்டினேன். ஆனால் ஓடுகிறவர்களுக்கு நாடி ஏன் குறையும் என்று சேர் சொன்னதைக் கேட்டு, எங்கள் வீட்டில் விளங்கிக்கொண்டவள் நான் ஒருத்திதான். ஒரு நாளும் ஓடாத மனிதருக்கு ஏன் நாற்பத்திரண்டு என்று கேட்டிருக்க வேண்டியவளும் நான்தான். நான் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.