இரண்டரை மணிக்குச் சாத்திய கதவு

லோர்கன் வருகிறான் என்றாலே எனக்கு எரிச்சல். டப்ளின் நகர மையத்தில் இருக்கும் பழைய பப்களை நடந்தே சுற்றிக் காட்டுவது அவன் பிழைப்பு. நாலாவதாக என் கடை. பதினைந்து பேரோடு மத்தியானம் நுழைவான். ஆளுக்கு அரை கிளாஸ் கறுப்பு பீரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இடத்தை அடைத்துக்கொள்வார்கள். இருபது வருஷமாகச் சொல்லும் அதே கதையைச் சொல்வான்.

"அப்பல்லாம் ரெண்டரைலேர்ந்து மூணரை வரைக்கும் பப்பை மூடணும்னு சட்டம். புனித நேரம்னு பேரு. நாங்க எங்க புனிதமா இருந்தோம்? கதவைச் சாத்திட்டு உள்ளயே குடிச்சிட்டிருப்போம். யாராவது தட்டினா மூச்சு விடக் கூடாது. போலீஸா இருந்தா லைசென்ஸ் போயிடும்."

அப்படி ஒரு நாள், எண்பத்தைந்தில், ஒருத்தன் தைரியத்துக்கு ஒன்று போடலாம் என்று உள்ளே வந்தான். மூன்று மணிக்கு அவன் காதலி வாசலுக்கு வருவாள், ராத்திரி இருவரும் இங்கிலாந்துக்குக் கப்பலேறுவார்கள் என்று பேச்சு. இவன் உள்ளே இருக்கும்போதே கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. போலீஸ் என்று பயந்து எல்லோரும் கிளாஸும் கையுமாக உறைந்து போனார்கள். அவள் தட்டிப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்த ஒருத்தன் லோர்கன்தான். அவள் பெயர் ஓர்லா. கடை அப்போது என் மாமாவுடையது, நான் பீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தட்டும் சத்தம் கேட்டதும் கதவில் கடிதம் போடும் துளை வழியாகக் குனிந்து பார்த்தேன். போலீஸ் பூட்ஸ் இல்லை. பச்சை நிறப் பெண்பிள்ளை ஷூ, பக்கத்தில் ஒரு பெட்டி. ஆனாலும் திரும்பி, உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கினேன். தெருமுனையில் போலீஸ் நின்றால் என்ன ஆவது என்ற பயம். நாற்பது வருஷமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. அவனைக் கண்டால் வரும் எரிச்சலுக்கு அதுதான் காரணம்.

போன செவ்வாய்க்கிழமை எல்லோரும் சிரித்து முடித்ததும், கூட்டத்தில் இருந்த ஒரு நரைத்த தலை அம்மாள் கேட்டாள்:

"தட்டினது அவதான்னு அந்தாளுக்கு நெஜமாவே தெரியலையாப்பா?"

வழக்கமாக அவனிடம் எதற்கும் ஒரு நக்கல் பதில் இருக்கும். அன்று அவளைப் பார்த்துச் சொன்னான்:

"தெரிஞ்சுதும்மா. ரெண்டு வேகமா, ஒண்ணு மெதுவா. அவ அப்படித்தான் தட்டுவா. எந்திரிச்சா கப்பலேறணும். இந்தத் தெருவையெல்லாம் விட்டுட்டு என்னால போக முடியல."

'என்னால' என்று சொன்னதை அவன் கவனிக்கவில்லை. அந்த அம்மாள் கவனித்தாள். மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

நான் அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன். "லோர்கன், அன்னிக்கு நான் அவ ஷூவைப் பாத்தேன்டா. பாத்துட்டுதான் உங்களை அடக்கினேன்."

"உன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது டெக்லன். நீ விரலை வெச்சியே, அப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அந்த ஒரு நிமிஷ அப்பாடாவுக்குத் தண்டனையாத்தான் தெனமும் இந்தத் தெருவையே சுத்திட்டிருக்கேன். அவளைப் பாக்கணும்டா. ஒரு தடவை பாத்தா போதும்."

"சரி, வெளிய உன் ஆளுங்க காத்திட்டிருக்காங்க."

"மணி மூணு அடிக்கட்டும். போறேன்."

அந்தக் கதவைப் பகலில் நாங்கள் சாத்துவதை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.