இனாம் படிப்பும் ஒரு போசி நெய்யும்

வெண்ணெய் உருகித் தெளியும்போது ஒரு கொத்து முருங்கை இலையைக் கிள்ளிப் போட்டால், சடசடவென்று பொரிந்து ஒரு மணம் எழும். பிறருக்குப் பசியைக் கிளப்பும் அந்த மணம், நான் ஐந்தாம் வகுப்புத் தேறிய கோடையிலிருந்து எனக்கு ஆவதில்லை.

அப்போது மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு பண்ணையில் என் அப்பா மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்று நீர் இறைத்தார். ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க, டவுனில் பருத்தி மில் முதலாளி ஒருவர் நடத்திய ஐஸ்கூலுக்குத்தான் போகவேண்டும். அங்கே மாதாமாதம் பள்ளிச் சம்பளம் கட்ட எங்களால் ஆகாது. ஆனால் ஆண்டுக்கு ஓர் ஏழைப் பையனுக்குச் சம்பளமும் புத்தகமும் கொடுத்து முதலாளியே சேர்த்துக்கொள்வார். "இனாம் படிப்பு" என்று அதற்குப் பெயர். பையன்களைத் தம் வீட்டுக்கு வரவழைத்து, யார் ஏழை என்று நேரில் பார்த்து முடிவுசெய்வார். வகுப்பில் நான் முதல் என்பதால் வாத்தியார் என்னைப் போகச் சொன்னார்.

"பெரியவங்க ஊட்டுக்கு வெறுங்கைய வீசிக்கிட்டா போறது?" என்றாள் அம்மா.

எங்கள் குடிசையோரம் ஓர் எருமை நின்றது. அது எங்களுடையதல்ல, பண்ணைக்காரர் "வாரத்துக்கு" விட்டிருந்தார். தீனி போடுவதும் சாணி அள்ளுவதும் நாங்கள், பாலில் பாதி அவருக்கு. எங்கள் பாதியில் சேரும் வெண்ணெயைச் சந்தையில் விற்றுத்தான் கம்பு வாங்குவோம். அந்த வாரம் அம்மா விற்கவில்லை. எல்லாவற்றையும் உருக்கி, மூடி போட்ட ஒரு பித்தளைப் போசியில் ஊற்றி வைத்துவிட்டாள். நாங்கள் காட்டுக்கீரையை வேகவைத்துத் தின்றோம்.

முதலாளி வீட்டு வராந்தாவில் அம்மா போசியை வைத்து அவரைக் கும்பிட்டாள். கணக்குப்பிள்ளை மூடியைத் திறந்து முகர்ந்து, நல்ல நெய் என்று மெச்சி, வீட்டில் கறவை இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்குதுங்க சாமி, ஒரு எருமை."

வாரத்து எருமை என்று அவள் சொல்லவில்லை. அடுத்தவர் மாட்டு நெய் என்று தெரிந்தால் கொடுத்த பொருளுக்கு மதிப்பேது என்று நினைத்திருக்கிறாள். கணக்குப்பிள்ளை முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்.

"எருமை கட்டி நெய் உருக்கறவங்களே இனாம் கேட்டு வந்துட்டா, இல்லாதவன் எங்கீங்க போவான்?"

அவர் கைகாட்டிய "இல்லாதவன்" எனக்குப் பின்னால் நின்றிருந்தான். மேலே சட்டையில்லை, இடுப்பில் கந்தல் வேட்டி. எங்கள் பண்ணைக்காரரின் இளைய மகன். அந்த எருமைக்குச் சொந்தக்காரன். அம்மா அவனைப் பார்த்தாள், அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் வாய் திறந்திருந்தால் மறுநாள் அப்பாவுக்கு வேலையும் இல்லை, எங்களுக்குக் குடிசையும் இல்லை. இடம் அவனுக்குப் போயிற்று.

உள்ளே போன போசி கழுவித் திரும்பி வந்தது, இரண்டு வாழைப்பழங்களோடு. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரலாகாது என்ற மரியாதை அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

பாதி வழியில் அம்மா போசியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தத் துணியப் பாத்தியா சாமி? கட்டிக் கிழிஞ்சது அப்படியா கிழியும்?" என்றாள். "கிழிக்கறதுக்குக்கூட அவங்க ஊட்டுல புதுத்துணி இருக்குது."

அடுத்த வாரத்திலிருந்து அந்த எருமையை நான் மேய்த்தேன். பிறகு ஒருநாள் அதை அப்படியே விட்டு ஓடிப்போய் மேட்டூரில் கல் சுமந்தேன். ஏற்காட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கினேன். லாரியில் கிளீனராகத் திரிந்தேன். எங்கும் நிலைத்து நின்றதில்லை. அவன் படித்துத் தாசில்தார் ஆனான் என்று கேள்வி.

சென்ற மாதம் அந்த டவுன் வழியாகப் போனேன். பருத்தி மில் இல்லை. முதலாளியின் வீட்டை இடித்த இடத்தில் லாரிப் பட்டறை நடக்கிறது. அம்மா போய்ப் பல காலமாயிற்று. இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் சம்பளமே கிடையாதாம், யார் வாசலிலும் யாரும் கிழிசலோடு நிற்கவேண்டியதில்லை என்றார்கள், நல்லதுதான். சுவரில் மட்டும் முதலாளியின் பெயரைப் பொறித்து, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கண்ணைத் திறந்தவர் என்று ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அதைப் படிக்க எனக்கு ஐந்தாம் வகுப்பே போதுமானதாக இருந்தது.